கமக்காரரின் மனப்பாரமும் அதனைத் தணிக்கும் வழிகளும்

மலைநாட்டு மரக்கறிகளைத் தாக்கும் நோய்களைப் பற்றியும் பீடைகளைப் பற்றியும் பிரசுரங்கள் பல உள. அவற்றைப் பயிரிடுகின்றவர்களின் மனப்பாரத்தைப் பற்றிக் கூறுவன மிகச் சில. ஆயினும், ஒரு போகம் நட்டமாகும்போது மண்ணும் மழையும் மாத்திரமே அதற்குக் காரணமென்று கூறமுடியாது. நித்திரையின்றிக் களைத்தவர் தெளிக்கவேண்டிய நாளை மறந்துவிடுகிறார். கோபத்தில் கூலியாளை இழந்துவிடுகிறார். அவசரத்தில் தகாத வட்டிக்குக் கடன் வாங்கிவிடுகிறார். ஆகவே கமக்காரரின் மனநிலையும் கமத்தொழிலின் ஒரு பகுதியே ஆகும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பகுதியில், அரை ஏக்கர் நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் அங்கே உறைபனி விழுவதுண்டு. அத்தகைய இரவில் அவர் நித்திரை கொள்ளமாட்டார். வெயில் ஏறுமுன் இலைகளின்மேல் நீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டுமென்று நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். மனைவி அதற்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு உணவு கட்டி வைத்துவிட்டுப் பிரட்டுக்குப் புறப்படுவார். நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ தம்புள்ளைக்கோ அனுப்பிய மூட்டைகளுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது லொறி சேர்ந்த பின்னரே தெரியவரும். விதைக்கிழங்குக் கடனின் தவணை வெள்ளிக்கிழமை கட்டப்படவேண்டும். மூத்த பிள்ளை இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கிறது. கூரைத் தகரத்தில் ஒழுக்கு.

இவற்றுள் எதுவும் தனித்து நோக்கின் பெரிய ஆபத்தன்று. எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே மனிதரின்மேல், ஓய்வில்லாமல், மாதக் கணக்காகத் தங்கும்போதுதான் அது மனப்பாரமாகிறது. இக்காலத்தில் இதனை மன அழுத்தம் என்று கூறுவர். கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தை ஆகிய இடங்களில் மலைச்சரிவு வயல்களில் நெல் விளைவிப்போருக்கும், தோட்ட லயங்களின் பின்புறத்திலுள்ள சிறு நிலத்தில் போஞ்சியும் கரட்டும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் பாரத்தின் பெயர்கள் வேறாயினும் தன்மை ஒன்றே.

மனப்பாரம் தேகத்தில் செய்வது

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்தால் என்ன நிகழும் என்பதைத் தோட்டத்தார் யாவரும் அறிவர். கூடையை எறிந்துவிட்டு ஓடவேண்டும். அவ்வேளையில் நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, வாய் உலர்கிறது, கால்களுக்கு வழக்கத்தில் இல்லாத பலம் உண்டாகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமைந்துள்ள இரு சிறு சுரப்பிகள் அதிரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலப்பதே இதற்குக் காரணமாகும். எதிர்த்து நில் அல்லது ஓடித் தப்பு என்று தேகத்தை ஆயத்தப்படுத்தும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடற்றொழிலியலாளரான வால்டர் கனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். உயிரைக் காக்கும் நல்ல ஏற்பாடே இது. குளவி விலகி அரைமணி நேரமானதும் தேகம் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கடன் தவணை குளவி போன்றதன்று. அதனிடமிருந்து ஓடவும் முடியாது, அதனை அடித்து விரட்டவும் முடியாது. ஆனால் தேகத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. தவணையை எண்ணுந்தோறும் அதே நீர் சுரக்கிறது. அதே நெஞ்சடிப்பு உண்டாகிறது. இது நாள்தோறும் நிகழுமாயின் கோட்டிசோல் என்னும் மற்றொரு சுரப்பும் அளவுக்கு மீறி நிலைத்துவிடும். அதனால் நித்திரை குறைகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. நோயை எதிர்க்கும் சக்தி தளர்கிறது. ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் 1936-இல் இதனை எலிகளில் ஆராய்ந்து காட்டினார். குளிர், காயம், நஞ்சு, மிகையான வேலை ஆகிய எதனால் வருந்தினாலும் எலிகளின் தேகத்தில் ஒரேவகையான மாற்றங்கள் தோன்றுவதையும், வருத்தம் நீடித்தால் அவை தாக்குப்பிடிக்க முடியாமல் மெலிந்து போவதையும் அவர் கண்டார்.

ஆகவே மனப்பாரம் என்பது கோழைத்தனம் அன்று, தலைவிதியும் அன்று. நிலத்தில் நீர் வடியாமல் தேங்கினால் வேர் அழுகுவதைப் போன்று, வடிகால் இல்லாத கவலையால் தேகத்தில் உண்டாகும் கேடே அது.

அறிகுறிகள்

பின்னிரவில் இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்து மீண்டும் கண் மூடாமை, பிடரியிலும் தோளிலும் இறுக்கம், வயிற்றெரிவு, பசியின்மை அல்லது அளவுக்கு மீறிய பசி, சிறு விடயத்துக்கும் பிள்ளைகள்மேல் சீறுதல், மண்வெட்டியை எங்கே வைத்தோம் என்பதுகூட மறந்துபோதல், முன்பு விருப்பமாக இருந்த எதிலும் மனம் ஒட்டாமை ஆகியன சாதாரணமாகக் காணப்படுவன. இவற்றுள் ஒன்றிரண்டு எவருக்கும் எப்போதாவது உண்டாகும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பல அறிகுறிகள் ஒன்றாக நிலைத்திருந்தால் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

இங்கே மரக்கறிக் கமக்காரர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தலையிடி, தலைச்சுற்று, மிகுந்த வியர்வை, கை நடுக்கம், குமட்டல், நித்திரையின்மை ஆகியன யாவும் கவலையால்தான் வருகின்றன என்று கொள்ளலாகாது. பூச்சிகளைக் கொல்லும் ஓகனோபொசுபேற்று வகை மருந்துகள் தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உட்சென்றால் இதே அறிகுறிகள் தோன்றும். மலைச்சரிவில் காற்றுக்கு எதிராக நின்று, வெறுங்காலுடனும் நனைந்த சட்டையுடனும் தெளித்துவிட்டு, அதே சட்டையுடன் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குபவர்கள் இன்னமும் உளர். தெளித்த நாளன்றோ மறுநாளோ தலையிடி மிகுந்து, தெளிக்காத வாரங்களில் அது குறைகிறதா என்பதை ஒரு மாதம் குறித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். அவ்வாறாயின் அவருக்கு முதலில் வேண்டியது கையுறை, முகக்கவசம், நீண்ட கைச்சட்டை, சவர்க்காரமிட்ட குளிப்பு ஆகியனவே. அறிகுறிகள் கடுமையாயின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

அவ்வாறே, கொழுந்து பறிக்கும் பெண்களில் சிலருக்குக் காணப்படும் ஓயாத களைப்பும் மூச்சு வாங்குதலும் இரத்தசோகையாக இருக்கக்கூடும். அதற்கு ஆறுதல் மொழி மருந்தாகாது, இரும்புச்சத்தே மருந்து.

பாரம் எங்கிருந்து வருகிறது?

வேலை கூடினால் மனப்பாரம் கூடும் என்பதே பொதுவான எண்ணம். அது முழுவதும் சரியன்று. இலண்டன் நகரத்து அரசாங்க உத்தியோகத்தர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985-ஆம் ஆண்டு தொடக்கம் பல வருடங்களாக அவதானித்த ஆய்வொன்றில், பெரும் பொறுப்பு வகித்த மேலதிகாரிகளைவிட, தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரம் குறைந்த கீழ்நிலை உத்தியோகத்தருக்கே இருதய நோய் மிகுதியாக இருந்தது. பாரத்தை மிகுவிப்பது வேலையின் அளவு மாத்திரமன்று. அதன்மேல் தன் கைக்கு எவ்வளவு ஆட்சி உண்டு என்பதும் ஆகும்.

கமக்காரரின் நிலை இவ்வகையில் கடினமானது. மழை அவர் கையில் இல்லை. விலையும் அவர் கையில் இல்லை. சில வேளைகளில் அரசாங்கக் கட்டளைகளும் எதிர்பாராத பாரத்தைக் கொண்டுவருகின்றன. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அத்தடை அதே வருடம் நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உருளைக்கிழங்கும் கோவாவும் வைத்திருந்தவர்களும், தேயிலைச் சிறுதோட்டக்காரரும், நெற்செய்கையாளரும் பட்ட தவிப்பு மறக்கத்தக்கதன்று. அடுத்த 2022-ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டால் அறுவடை செய்த மரக்கறியை ஏற்றிச் செல்லவும் வழியின்றிப் போயிற்று. அக்காலத்தில் நித்திரை இழந்தவர்கள் தம்மைப் பலவீனர் என்று எண்ணத் தேவையில்லை. பாரம் மெய்யானதாகவே இருந்தது.

மண்சரிவுப் பயமும் மலைநாட்டாருக்கே உரிய ஒன்று. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29-ஆம் தேதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதையுண்ட பின்னர், இரவில் தகரத்தின்மேல் கனமழை கேட்டவுடன் எழுந்து உட்காருவோர் பல தோட்டங்களில் உளர். இப்பயத்தை வீண்பயம் என்று தள்ளிவிடுதல் கூடாது. எந்த அளவு மழைக்கு எந்த இடத்துக்குப் போவது, முதியவரை யார் அழைத்துச் செல்வது, அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எந்தப் பையில் இருப்பது என்பவற்றை வெயில் நாளிலேயே லயத்தார் கூடித் தீர்மானித்துவிட்டால் பயம் ஓரளவு அடங்கும். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து அவ்விடத்தை விட்டு நீங்கவேண்டும்.

பணமுடை அறிவையும் மங்கச் செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அங்குக் கரும்பு பயிரிடும் 464 கமக்காரர்களை ஆராய்ச்சியாளர் சிலர் அறுவடைக்கு முன்னர் ஒரு தடவையும் அறுவடைப் பணம் கைக்கு வந்த பின்னர் ஒரு தடவையும் புதிர்கள் கொடுத்துச் சோதித்தனர். 2013-இல் வெளியான அவ்வாய்வின்படி, அதே மனிதர்கள் முடைக்காலத்தில் குறைவாகவும் பணம் வந்த காலத்தில் நன்றாகவும் விடையளித்தனர். அறிவு குறைந்துவிடவில்லை, கவலை அதன் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதிலிருந்து கமக்காரர் கொள்ளத்தக்க பயன் தெளிவானது. நிலத்தை அடைவு வைத்தல், புதிய கடனுக்குக் கையொப்பமிடல், மாட்டை விற்றல் போன்ற பெரிய தீர்மானங்களைக் கையில் காசில்லாத மாதத்தில் தனியே இருந்து செய்தல் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் கணக்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். ஓர் இரவு கழித்துப் பதில் தருவதாகக் கூறுவதில் நட்டம் எதுவுமில்லை. இன்றே கையொப்பமிட வேண்டுமென்று நெருக்குபவரிடம் கடன் வாங்காமலிருப்பதே நன்று.

கைக்கு எட்டுவனவற்றைச் செய்தல்

மழையையும் விலையையும் மாற்ற முடியாதாயினும், அவை தாக்கும் பரப்பைக் குறைக்கலாம். நிலம் முழுவதிலும் ஒரே நாளில் ஒரே பயிரை நட்டவர் ஒரே நாளின் விலைக்கு அடிமையாகிறார். கரட் ஏறக்குறைய மூன்று மாதங்களில் விளையும். லீக்ஸுக்கு அதைவிடக் கூடிய காலம் வேண்டும். நிலத்தை மூன்று பகுதிகளாக்கி, இரண்டு மூன்று வார இடைவெளியில் வெவ்வேறு பயிர்களை நட்டால், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். உருளைக்கிழங்குக்குப் பின் உருளைக்கிழங்கையே வைக்காமல் பயிரை மாற்றி நடுதல் வாடல் நோயையும் வட்டப்புழுவையும் குறைக்கும் என்பது முன்பே பலமுறை அறிவுறுத்தப்பட்டதாகும். மண்ணுக்கு நல்லதாகிய அவ்வழக்கம் மனத்துக்கும் நல்லதே.

கணக்குப் புத்தகம் ஒன்று அவசியம் வேண்டும். பலர் கடனின் தொகையைப் பார்க்க அஞ்சி எழுதாமலே விட்டுவிடுகின்றனர். எழுதப்படாத கடன் இரவில் பெரிதாகத் தோன்றும். பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியே போதும். விதை, பசளை, மருந்து, கூலி, லொறிக்கூலி என்று ஒரு பக்கத்திலும், விற்ற நிறையும் விலையும் மறுபக்கத்திலும் எழுதவேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்த வட்டிக்கு, எந்த நாளில் கொடுக்கவேண்டும் என்பதைத் தனிப்பக்கத்தில் எழுதி, வட்டி மிகக் கூடியதை முதலில் அடைக்கப் பார்க்கவேண்டும். வாராந்த நுண்கடன் ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்குபவர்கள் இவ்வாறு எழுதிப் பார்த்த அன்றே தம் நிலைமையை உணர்வர். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்னரே சென்று தவணையை மாற்றித் தருமாறு கேட்டல் நன்று. பயிர்க் காப்புறுதி பற்றிக் கமநல சேவை நிலையத்திலும், பயிர்த்திட்டம் பற்றி விவசாயப் போதனாசிரியரிடமும் நடுகைக்கு முன்னரே கேட்டறியலாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் கவலை நீங்காது. அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிவிடுதல் சிலருக்குப் பயன்படுகிறது. மாலையில் கால் கழுவி வந்தபின் கால்மணி நேரம் கொப்பியைத் திறந்து, நாளை செய்யக்கூடியது எது, செய்யவியலாதது எது என்று பிரித்து எழுதிவிட்டு மூடிவிடவேண்டும். இரவில் அதே எண்ணம் திரும்பினால், கொப்பியில் இருக்கிறது என்று கூறிக்கொள்ளலாம். எளிய முறைதான். ஒரு வாரம் செய்து பாராமல் ஒதுக்கிவிடலாகாது.

தேகத்தைத் தளர்த்துதல்

மூச்சு ஒன்றே நாம் விரும்பியபடி நெஞ்சின் வேகத்தைத் தொடக்கூடிய கயிறாகும். வரப்பிலோ திண்ணையிலோ அமர்ந்து, மூக்கினால் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடவேண்டும். வெளிவிடும் நேரம் நீண்டிருப்பதே முக்கியம். அப்போதுதான் நெஞ்சடிப்பைத் தணிக்கும் நரம்பு வேலை செய்கிறது. ஐந்து நிமிடம் போதும். லொறிக்காரரின் தொலைபேசி அழைப்புக்கு முன்னும், பிள்ளையை அடிக்கக் கை ஓங்குமுன்னும் பத்து மூச்சு இவ்வாறு விட்டுப் பார்க்கலாம்.

தசைகளைத் தளர்த்தும் முறை ஒன்றை எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் வைத்தியர் 1929-இல் நூலாக வெளியிட்டார். படுத்தவாறு வலக்கையை இறுக மூடி ஐந்து எண்ணிவிட்டுச் சட்டென்று விடவேண்டும். பின்னர் இடக்கை, தோள், முகம், வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாகச் செய்தல் வேண்டும். நாள் முழுவதும் கொழுந்து பறித்து விரல் மரத்தவருக்கும், மருந்துத் தாங்கியைச் சுமந்து தோள் கனத்தவருக்கும் இது நல்ல ஆறுதலைத் தரும். உடலுழைப்பு நாள்தோறும் செய்கின்றவர்களுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்று கேட்பதுண்டு. உழைப்பு தசையை இறுக்குகிறது, இது தளர்த்துகிறது.

நித்திரையைப் பற்றிச் சொல்லவேண்டியது, தேயிலை நாட்டில் கூறத் தயக்கமான ஒன்றே. தேநீரிலுள்ள கஃபீன் குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் ஏறக்குறைய பாதியளவு தேகத்தில் நிற்கும். இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் கடுஞ்சாயம் பின்னிரவு விழிப்புக்குக் காரணமாகலாம். குளிருக்கு இதமாக ஏதேனும் வேண்டுமாயின் மாலைக்குப் பின் கொத்தமல்லி அவித்த நீரோ இஞ்சி நீரோ குடிக்கலாம். கைத்தொலைபேசியில் மறுநாள் விலையைப் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதும் நித்திரைக்குப் பகையாகும்.

சாராயமும் கசிப்பும் மனப்பாரத்துக்கு மருந்தென்று பலர் நம்புகின்றனர். குடித்தவர் விரைவில் உறங்குவது உண்மையே. ஆனால் அது உடைந்த நித்திரை. நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வரும். மறுநாள் கவலை இரட்டிக்கும். கொப்பியில் ஒரு கடனும் கூடியிருக்கும். வெற்றிலையும் புகையிலையும் குளிருக்கும் பசிக்கும் துணையாகத் தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. புகையிலை தரும் ஆறுதல், அது இல்லாதபோது அதுவே உண்டாக்கிய தவிப்பின் ஆறுதலேயாகும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பதும் உறுதிசெய்யப்பட்டதாகும்.

பெண்களின் பாரம்

குடும்பத் தலைவருக்கே கவலை உண்டு என்பது போலப் பேசுவது வழக்கம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளை எண்ணிப் பார்த்தல் தகும். விடியுமுன் அடுப்பு, பின்னர் பிரட்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேற்றம், குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், மாலையில் மரக்கறிப் பாத்திக்கு நீர், விறகு, சமையல், பிள்ளைகளின் பாடம். கணவர் இளைப்பாறும் நேரம் அவருக்கு வேலை நேரமாகவே இருக்கிறது. வீட்டிலுள்ள ஆண்கள் விறகையும் தண்ணீரையும் இரவுப் பாத்திரங்களையும் ஏற்றுக்கொண்டால், எந்த வைத்தியமும் செய்யாத அளவுக்கு அவரது பாரம் இறங்கும். சம்பளப் பணத்தை அவரும் அறியச் செலவிடுதல் மற்றொன்று. மகப்பேற்றுக்குப் பின்னர் நீண்டநாள் அழுகையும், பிள்ளைமேல் பற்றின்மையும் காணப்பட்டால் அதனை நாணமின்றிக் குடும்பநல மருத்துவமாதுக்குத் தெரிவிக்கவேண்டும். அது மருந்தால் மாறக்கூடிய நோயாகும்.

கூடி இருத்தல்

மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு வாரக்கணக்காக இரவில் கூடிப் பழகிய தோட்டங்களில், அக்கூட்டமே பலருடைய மனப்பாரத்துக்கு வடிகாலாக இருந்தது. தப்பின் ஓசைக்கு ஆடியவர் அன்றிரவு நன்றாக உறங்கினார். இன்று கூத்துக் குறைந்த இடங்களிலும் கரப்பந்து, கோயில் வேலை, மரண உதவிச் சங்கம், கமக்கார அமைப்பு ஆகியன உண்டு. கவலையுற்றவர் முதலில் செய்வது இவற்றிலிருந்து விலகுவதே. அயலார் அதனையே அறிகுறியாகக் கொள்ளலாம். இரண்டு கூட்டத்துக்கு வராதவரின் வீட்டுக்கு ஒருவர் சென்று, புத்திமதி எதுவும் கூறாமல், ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும்வரை அவர் சொல்வதைக் கேட்டிருந்தாலே போதும். எல்லாருக்கும்தான் கஷ்டம் என்று சொல்வது அவரது வாயை அடைத்துவிடும்.

பீடைகொல்லியும் நெருக்கடியான நேரமும்

இப்பகுதியை வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரும் வாசித்தல் வேண்டும். 1995-ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் ஒரு வருடத்தில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். உலகில் மிகக் கூடிய வீதங்களுள் அதுவும் ஒன்று. கமக்காரர் வீடுகளில் இருந்த பீடைகொல்லிகளே அவற்றுள் பெரும்பகுதிக்குக் காரணம். இருபது ஆண்டுகளின் பின்னர், 2015 அளவில், அவ்வீதம் 15-க்குக் குறைந்தது.

வறுமை அக்காலத்தில் ஒழிந்துவிடவில்லை; யுத்தமும் சுனாமியும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன. மாறியது மருந்து. 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, விவசாயத் திணைக்களத்தின் பீடைகொல்லிப் பதிவாளர் மிகக் கொடிய மருந்துகளை 1984 முதல் படிப்படியாக நீக்கினார். உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்தவற்றில் எஞ்சியவை 1995-இலும், மேலும் ஒன்று 1998-இலும், மூன்று மருந்துகள் 2008 முதல் 2011 வரையிலும் நிறுத்தப்பட்டன. இதனால் நாட்டின் விளைச்சல் குறைந்ததாகக் காணப்படவில்லை. 1995-க்கும் 2015-க்கும் இடையில் காக்கப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என மதிப்பிடப்பட்டுள்ளது.

இதிலிருந்து அறியப்படுவது யாதெனில், உயிரை வெறுக்கும் எண்ணம் பெரும்பாலும் குறுகிய நேரமே நிலைக்கும். அந்நேரம் கடந்துவிட்டால் மனிதர் பிழைத்துக்கொள்வர். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழவே விரும்புகின்றனர். ஆகவே அந்நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாதிருத்தல் வேண்டும். பூட்டுப்பெட்டி கொடுத்தால் போதுமா என்பதை வட மத்திய மாகாணக் கிராமங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சோதித்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி பெட்டி மாத்திரம் பயன் தரவில்லை. வீட்டில் மருந்தைச் சேமித்து வைக்காமலிருப்பதே மேலானது. ஒரு தெளிப்புக்கு வேண்டிய அளவை மாத்திரம் வாங்குதல், மீதியை வைத்திராமை, பழைய தடைசெய்யப்பட்ட போத்தல்கள் இருந்தால் அவற்றை அகற்றும் வழியைப் போதனாசிரியரிடம் கேட்டல் ஆகியன ஒவ்வொரு வீட்டிலும் நடைபெறவேண்டும். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருப்பதாகத் தெரிந்தால், இருக்கும் மருந்தை அன்றே அயலாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

உயிரை விட எண்ணுகிறாயா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஏற்படுத்திவிடுவோம் என்று அஞ்சுவோர் உளர். அது தவறு. அன்புடன் நேராகக் கேட்பது அவருக்குப் பெரும் ஆறுதலாகும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

உதவி பெறும் இடங்கள்

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் பேசலாம். 1974-இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பிலும் தொண்டர்கள் மனப்பாரமுற்றோரின் சொற்களை இரகசியமாகக் கேட்டு ஆறுதல் அளிக்கின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சைக்குப் பணம் செலுத்தவேண்டியதில்லை. கிளினிக் எந்த நாளில் நடைபெறுகிறது என்பதை அயலிலுள்ள வைத்தியசாலையிலோ குடும்பநல மருத்துவமாதுவிடமோ கேட்டறியலாம். கிளினிக்குக்குச் செல்பவர் எத்தனை நாளாக நித்திரை இல்லை, எப்போது தலையிடி வருகிறது என்பவற்றைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போவது நன்று. அண்மையில் தெளித்த மருந்துகளின் சிட்டைகளையும் உடன் கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டவேண்டும். தமிழில் பேசும் உத்தியோகத்தர் இல்லாவிட்டால், நம்பிக்கையான ஒருவரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்லலாம். பிள்ளைகளை அதற்கு அழைத்துச் செல்லுதல் தகாது. மருந்து கொடுக்கப்பட்டால் அது பயன்தரச் சில வாரங்கள் செல்லும். ஆகவே முதல் வாரத்தில் குணம் தெரியவில்லையென்று நிறுத்திவிடாமல், அடுத்த கிளினிக் நாள்வரை ஒழுங்காக எடுத்து, அன்று வைத்தியரிடம் கூறவேண்டும்.